பாதிச் சக்கரம்

அம்மாவுக்கு டி-சர்ட் என்ற வார்த்தை கடைசிவரை வாயில் வரவில்லை. அவளுக்கு அது பனியன்தான். எங்கள் வட்டத்து இளைஞர் மன்றத்துக்குப் பனியன் அடிக்க வேண்டும் என்ற பேச்சு முந்திரி மரத்தடியில் எழுந்தது. வட்டம் என்றால் நெய்வேலியில் பிளாக். பக்கத்து வட்டத்துப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு ஒரே நிறச் சட்டையில் வந்து நின்ற நாளிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளை என்றதுமே அம்மாக்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தெர்மல் மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொடியில் காயும் வேட்டியில் சாம்பல் மாவு போலப் படியும். அதை உதறி உதறித் தோள் விட்டுப் போனவர்கள் அவர்கள். ஆகவே மஞ்சள். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதற்குத் தனிக் காசு என்று மெயின் பஜாரில் விசாரித்து வந்த கேப்டன் அண்ணன் சொன்னதால் மை ஒன்றே ஒன்று. பழுப்பு நிலக்கரிக்குப் பழுப்புதானே நியாயம் என்றேன். சாணி மாதிரி இருக்கும் என்று சிரித்தார்கள். சிவப்பு ஜெயித்தது.

படம் என் பொறுப்பு. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் அந்த ராட்சச பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் தவிர வேறு எதை வரைவது? அப்பா அதில்தான் வேலை பார்த்தார். ஆனால் கேட்க முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார், குக்கர் விசிலைக்கூட அம்மா துணி போட்டு அமுக்குகிற வீடு எங்களுடையது. தூரத்திலிருந்து பார்த்த ஞாபகத்தில், வளையல் வைத்து வட்டம் போட்டு, சுற்றிலும் பற்களோடு வாளிகள் வரைந்தேன். மண் வெட்டுகிறது என்று தெரியவேண்டாமா, அதனால் கீழ்ப்பாதியை மண்ணுக்குள் புதைத்தேன். மெல்லிய கோடு ஸ்கிரீனில் நிற்காது என்று கடைக்காரர் வாளிகளைக் கூராக்கி, உள்ளே முழுக்கச் சிவப்பு நிரப்பிக் கொடுத்தார்.

திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து மொத்தமாக வாங்கி வந்த பனியன்கள் அச்சாகி மண்ணெண்ணெய் வாசத்தோடு மூட்டையாக வந்தன. மிகச் சின்ன சைஸும் எனக்கு முட்டியைத் தொட்டது. அதை மாட்டிக்கொண்டு பெருமையாக டீக்கடைப் பக்கம் போனோம். தொ.மு.ச. மாமா ஒருவர் எழுந்து வந்து முதுகில் தட்டி எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். அடுத்த பெஞ்சிலிருந்த அண்ணா தொழிற்சங்க மாமா, "எலெக்ஷன் வரதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டீங்களாடா?" என்றார். அப்போதுதான் குனிந்து அவரவர் நெஞ்சைப் பார்த்தோம். மஞ்சளில் சிவப்பாக, கதிர் விரித்து, அச்சு அசலாக உதயசூரியன். பதினைந்து பேர் ஒரு மாசம் பார்த்த படம் அது! பன்னைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான், பாதி தின்றாகிவிட்டது.

சாயங்காலம் அப்பா எழுந்து, டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே என் நெஞ்சை வெகுநேரம் பார்த்தார். கட்சி, சங்கம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"வீலு மண்ணுல புதையாதுடா. எதிர்ல நிக்கிற மண்ணுச் செவுத்தைப் பக்கவாட்டுல சீவிக்கிட்டே போகும்" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.