சாமி வேலைதானே

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு சிஃப்ட் வேலை, வெள்ளி ஓய்வு நாள். அன்றைக்கு அப்பாவுக்கு அரசாங்க கிளினிக்கில் இனிப்புநீர் சோதனை. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கணும். 7 மணிக்கு வந்து அழைச்சிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அதே நாள் கோயிலில் அன்னதானம். பசாரில் காய்கறி வாங்கி இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்பது என் கணக்கு. முருங்கைக்காய் கிடைக்கவில்லை, இன்னொரு கடைக்குப் போனேன். கோயிலில் இறக்கும்போது, "தம்பி, அந்த மேசைய மட்டும் கொஞ்சம் பிடிங்க." நடுவில் வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் வேறு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி 9.20.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கிளினிக் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்குது. இனிப்பு இறங்கிப்போச்சு. அவசரமாகச் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். அதோடு அன்றைய ரத்தச் சோதனையும் போனது, வேறு தேதி வாங்க வேண்டியதாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பரவால்லய்யா, சாமி வேலைதானே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு நிற்கணும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், மரம் யாருக்கும் காத்திருக்காது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்களே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதைச் சொல்லி அப்பா ஒரு தடவை என்னைக் கேலி செய்தார்: "அரசாங்கம் ஒரே ஒரு வாட்டிதான்யா அரை மணி நேரத்த எடுத்துச்சு. நீ தினமும் எடுக்கிற." அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வெள்ளி கோயில் மடப்பள்ளியில் நின்று பார்த்தேன். நம்ம கோயிலில் உச்சிக்கால பூசை 12 மணிக்கு. நான் தொண்டுக்கு வந்த 11 வருடத்தில் அது தள்ளிப்போய்ப் பார்த்ததில்லை. சமைக்கிற அண்ணன் கையில் கடிகாரம்கூடக் கட்டுவதில்லை. "எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"12க்குப் பூசைன்னா 11.30க்கு நைவேத்தியம் ஐயர் கைக்குப் போகணும். அப்ப 11க்குச் சோறு இறங்கணும். 300 பேருக்கு 30 கிலோ அரிசி, தண்ணி கொதிக்கவே முக்கால் மணி நேரம். இப்படியே பின்னாலேர்ந்து எண்ணிட்டு வா. காய் அரியறவங்க 8 மணிக்கு உட்காரணும்."

"நடுவுல யாராச்சும் கூப்பிட்டா?"

"கூப்பிடத்தான் செய்வாங்க. அதுக்கும் ஒரு கால் மணி வச்சிருக்கேன்."

நான் எப்போதும் முன்னாலிருந்து எண்ணுகிறவன். இதை முடிச்சிட்டு அது, அப்புறம் இன்னொண்ணு, எல்லாம் தடங்கல் இல்லாமல் நடக்கும் என்று. ஷா ஆலமில் வேலை முடிந்து ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் வர 20 நிமிடம் என்று சொல்லிச் சொல்லியே மகளை டியூஷன் வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். அந்த 20 நிமிடம் ஞாயிறு காலைக்கானது. வேலை நாள் சாயந்திரம் 50 ஆகும். எனக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்றும் ஒப்புக்கொள்ளணும். பூசையைத் தள்ளிவைக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. அப்பாவைத் தள்ளிவைக்கலாம், மகளைத் தள்ளிவைக்கலாம். அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் செய்திருக்கிறேன். கேட்டால் சாமி வேலை.

காய்கறி வாங்கும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் கொடுத்துவிட்டேன். (தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சரியாகிவிடும்.) அப்பாவின் கிளினிக் தேதி, மகளை ஏற்றும் நேரம் இரண்டையும் பூசை நேரம் மாதிரி எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்றும், பின்னாலிருந்து எண்ணி. போன புதன்கூட 10 நிமிடம் தாமதம், பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு மறுதேதி. லீவு போட்டுவிட்டு 6.40க்கே போய் நின்றேன். அவர் இன்னும் சட்டைகூடப் போடவில்லை. "என்னய்யா, கோயில மூடிட்டாங்களா?" என்றார். ரத்தம் கொடுத்து முடித்ததும் பக்கத்துக் கடையில் இரண்டு தோசை, சீனி போடாத ஒரு தே ஓ. நிதானமாகச் சாப்பிட்டார். நானும் போனை வண்டியிலேயே விட்டிருந்தேன்.

வரும் வெள்ளி அன்னதானத்துக்குக் காய் அரிய இன்னும் இரண்டு பேர் தேவை. 8 மணிக்கு. வீட்டில் வேலை இருக்கிறவர்கள் அதை முடித்துவிட்டு அடுத்த வாரம் வாங்க.