படலையில் கேட்ட கேள்வி

துவக்கோடு என் வீட்டுக்கு வந்த ஒருவரையும் நான் மறித்ததில்லை. வெறுங்கையோடு வந்த ஒரு பிள்ளையை மறித்தேன். இத்தனை வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பாவம் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

ஆயுதம் தெரியாத வீட்டில் நான் வளரவில்லை. அப்பாவிடம் லைசென்ஸ் துவக்கு இருந்தது. மாமரத்துக்கு வரும் வௌவாலுக்காக வாங்கியது. துவக்கு அலுமாரிக்குள் இருக்கும், தோட்டா சாமியறைப் பெட்டகத்துக்குள் இருக்கும். இரண்டு திறப்பும் அவருடைய இடுப்பில். விருந்தாளி வந்திருக்கும் நேரத்தில் அதை வெளியே எடுக்கவே மாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்ப் போராளி இயக்கங்கள் லைசென்ஸ் துவக்குகளை வீடு வீடாக வாங்கிக்கொண்டு போனபோது அதுவும் போய்விட்டது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கோ, எங்கள் வீட்டுத் துவக்கும் போராடப் போகிறது என்று பெருமை.

அந்தப் பெருமையில்தான் என் பிழை தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு இயக்கப் பொடியள் வருவார்கள். யார் பெற்ற பிள்ளைகள், எந்த ஊர் என்று கேட்பதில்லை. தேத்தண்ணி கொடுப்பேன், புட்டு இருந்தால் புட்டும் கொடுப்பேன். அவர்கள் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுச் சிமெந்துத் தரையில் படுத்துவிடுவார்கள். ஒருநாள் மத்தியானம் குசினியிலிருந்து வந்து பார்க்கிறேன்: ஒருவன் வாயைத் திறந்தபடி நித்திரை, அவன் தலைமாட்டில் ஏகே, அதற்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான் நாலு வயது மகன். மகசின் கழற்றியிருக்கவில்லை. சின்ன விரல் விசை வளையத்துக்குள் போய்ப்போய் வருகிறது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். தூங்கினவனை எழுப்பவில்லை. அவன் எழும்பிய பிறகும், "தம்பி, குழந்தை இருக்கிற வீடு, இதை உயரத்தில வையும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிடுவார்களோ என்றும் நினைத்தேன். பயம் கொஞ்சம்தான். அயலட்டைக்குள் நாங்கள் பெரிதாகத் தெரிந்தோம், அதை இழக்க எனக்கு மனமில்லை.

1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் ரெலோ என்ற இன்னொரு இயக்கத்தைத் தாக்கத் தொடங்கினார்கள். இராணுவம் கோட்டைக்குள்ளும் முகாம்களுக்குள்ளும் முடங்கிக் கிடந்த காலம். குடாநாட்டின் தெருக்கள் இயக்கங்களின் கையில். கல்வியங்காட்டுப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டபடி இருந்தது. தப்பி ஓடுகிறவர்களுக்கு ஒருவரும் இடங்கொடுக்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மே 6ஆம் தேதி அந்த இயக்கத்தின் தலைவர் சிறீசபாரத்தினம் கோண்டாவிலில் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய நாட்களில் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் படலையைத் தட்டும் சத்தம் கேட்டது.

பதினெட்டு வயதிருக்கும். சாறம், பொத்தான் அறுந்த சேட், ஒரு காலில் மட்டும் செருப்பு. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தம்பி, உம்மட்டத் துவக்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ஒண்டும் இல்லை."

நான் நம்பவில்லை என்று நினைத்தானாக்கும். சேட்டை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினான். பிறகு திரும்பி நின்று முதுகையும் காட்டினான். முள்ளந்தண்டு தெரிகிற முதுகு, பக்கவாட்டில் முள்வேலி கிழித்த கோடுகள். "தண்ணி மட்டும் தாங்கோ அக்கா. பின்கோடியால போயிடுறன்."

"வீட்டில சின்னப்பிள்ளை இருக்கு. போம் தம்பி" என்றேன். கொழுக்கியைக் கழற்றவே இல்லை. தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. "சரியக்கா" என்றுவிட்டு ஒழுங்கையால் வடக்குப் பக்கம் நடந்தான். பிறகு என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

1989 ஜூலை 13ஆம் தேதி கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பேச வருகிறோம் என்று வீட்டுக்கு வந்த புலிகள். அவர்களைச் சோதிக்கவேண்டாம் என்று காவலுக்கு நின்ற பொலிசாரிடம் வீட்டிலிருந்தவர்களே சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி எனக்குள் ஒரு கள்ள ஆறுதலைத் தந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். 'பார், ஆரென்று தெரியாமல் உள்ளே விட்டால் இதுதான் நடக்கும், நீ செய்தது சரி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பேருடைய சாவை எடுத்து என் படலைக்கு முட்டுக்கொடுத்தேன். 1998 மே 17ஆம் தேதி யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி, யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்தபோது, தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போதுதான் அந்த ஆறுதல் பொய் என்று பிடிபட்டது. அந்த வீடுகளுக்குள் நுழைந்தவர்கள் துவக்கோடு வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு என் விறாந்தை எப்போதும் திறந்தே கிடந்தது. நான் வெளியே நிறுத்தியது ஓட இடமில்லாத ஒருவனை.

மகன் இப்போது ஹூஸ்டனில் இருக்கிறான். பேரன் விளையாடப் போகும் வீட்டுக்கு மருமகள் முதலில் போன் எடுக்கிறாள். "உங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதா? பூட்டியா வைத்திருக்கிறீர்கள்?" என்று நேரே கேட்கிறாள். முதலில் அதைக் கேட்டபோது எனக்குக் கூசியது. முன்பின் தெரியாதவர்களிடம் இப்படியுமா கேட்பது என்றேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே பெற்றாரை இப்படிக் கேட்கச் சொல்கிறார்கள் என்றாள். துவக்கை வெறுமையாக்கிப் பூட்டவேண்டும், தோட்டாவை வேறிடத்தில் பூட்டவேண்டும் என்று விளக்கினாள். என் அப்பா செய்ததும் அதுதான்.

எவரென்றாலும் ஒரே குரலில்தான் கேட்கிறாள். பெரிய வீட்டுக்காரர், மகனின் மேலதிகாரி, கோயிலில் சந்தித்த தமிழர் என்று பார்ப்பதில்லை. ஒருதரம் ஒரு வீட்டார் கோபித்துக்கொண்டார்கள், பேரனை அவள் அங்கே அனுப்பவில்லை.

போன தடவை பேசும்போது, "மாமி, சண்டைக் காலத்தில உங்கட வீட்டுக்கு வாறவையிட்ட இப்படிக் கேப்பீங்களோ?" என்றாள். அப்பாவின் துவக்கையும் அந்த இரண்டு திறப்பையும் பற்றி விரிவாகச் சொன்னேன். மகன் விரலை விட்ட ஏகேயைப் பற்றியும், சேட்டைத் தூக்கிக் காட்டிய பிள்ளையைப் பற்றியும் சொல்லவில்லை. இதை அவளுக்கும் மகனுக்கும் அனுப்பப்போகிறேன்.