கரண்ட் போய் வந்தா என்ன ஆகும்?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சின்னப் பையன் மோட்டார் லிஸ்டோட வந்து நின்னான். காலேஜ் முடிச்சு மஸ்கட் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. பம்ப், ஃபேன், கன்வேயர்னு மொத்தம் 42 மோட்டார். "எல்லாத்துக்கும் விஎஃப்டி போட்டுடலாமா சார்?"னு கேட்டான்.

"போடலாம் தம்பி, காசு உங்கப்பாவா குடுக்கறாரு?"ன்னேன் :-)

உடனே அடுத்த யோசனை சொன்னான். சின்ன மோட்டாருக்கு டிஓஎல், நடுத்தரத்துக்கு ஸ்டார்-டெல்டா, பெருசுக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர். கேட்டலாக்ல ஹெச்பி வாரியா அட்டவணையே இருக்காம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நடுவுல கரண்ட் போய், திரும்ப வந்தா ஒவ்வொண்ணும் என்ன செய்யும்?" பையன் முழிச்சான்.

அவன் வயசுல நானும் முழிச்சவன்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கொசுவத்தியை ஏத்திக்கங்க.

1998. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு பேனல் கம்பெனியில வேலை. வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர், அந்தப் பக்கம் நாங்க. பாலக்காட்டுக் கணவாய்ல அடிக்கிற காத்துல டிராயிங் பேப்பர் மேல ஸ்பேனரை வச்சாத்தான் நிக்கும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் ஒரு மலையாளி சேட்டன். அதிகம் பேச மாட்டார்.

அப்ப மூணாறு பக்கத்துல ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரியில இருந்து போன் வந்துச்சு. டிரையர் ஃபேன் மோட்டார், 25 ஹெச்பி, ஒரே மழைக்காலத்துல ரெண்டு தடவை எரிஞ்சு போச்சாம். "ஸ்டார்ட்டர் சரியில்லை, நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னார் முதலாளி. சேட்டன் என்னை அனுப்பினார். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர்னு தமிழ்நாட்டுக்குள்ள போயி திரும்ப கேரளாவுக்குள்ள ஏறணும்.

அங்க எலெக்ட்ரீசியன் போடிக்காரர். எங்க ஊர்ப் பக்கம்னு தெரிஞ்சதும் "வாங்க தம்பி"ன்னு கட்டஞ்சாயா குடுத்தார். சாயங்காலம் மீட்டர் வச்சுப் பார்த்தா 415 இருக்க வேண்டிய இடத்துல 350 வோல்ட். 1940லேயே பள்ளிவாசல்ல தண்ணியில கரண்ட் எடுத்த ஊரு. ஆனா லைன் கடைசியில இருக்கறவனுக்கு வந்து சேரணுமே!

இங்க கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கங்க. மோட்டாரை நேரா லைன்ல போட்டா, அதான் டிஓஎல், கிளம்பும்போது வழக்கத்தை விட ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஊரே மினுக்கும். ஸ்டார்-டெல்டா போட்டா லைன்ல இழுக்கறது மூணுல ஒரு பங்காக் குறையும். நல்லதுதானே? ஆனா திருகு விசையும் மூணுல ஒண்ணாயிடும். அதுக்கு மேல, விசை வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி இறங்கும். 350 வோல்ட்ல 71 சதவீதம்தான் மிச்சம். ரெண்டையும் சேர்த்தா கிளம்பற நேரத்துல கையில இருக்கறது கால்வாசிகூட இல்லை. அவ்வளவு பெரிய ஃபேன் அதுல எப்படி வேகம் எடுக்கும்? பாதி வேகம் வர்றதுக்குள்ள டைமர் டெல்டாவுக்குத் தள்ளிடும். அந்த நேரத்துல ஒரு பெரிய இழுப்பு. தினமும் பத்து தடவை இப்படி நடந்தா வைண்டிங் என்ன பாடுபடும்?

சாஃப்ட் ஸ்டார்ட்டரும் வோல்டேஜைக் குறைச்சுத்தான் கிளப்பும், அதனால இந்த இடத்துல அதுவும் உதவாது. விஎஃப்டி ஃப்ரீக்வென்சியையும் சேர்த்து மாத்தறதால குறைஞ்ச கரண்ட்லயே நல்ல விசை குடுக்கும். ஃபேனை 80 சதவீத வேகத்துல ஓட்டினா கரண்ட் செலவு கிட்டத்தட்ட பாதி. ஆனா அன்னைக்கு அதோட விலை அந்த முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. இன்னொண்ணு, இந்தச் சாமான் எல்லாம் பொதுவா 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி வரைக்கும்தான் முழுத் திறன். மூணாறுல உயரம் உதைக்கும், மஸ்கட்ல வெயில் உதைக்கும். ரெண்டு இடத்துலயும் ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்.

பேனலைத் திறந்தா இன்னொரு கூத்து. ஸ்டார்-டெல்டாவுல ஓவர்லோட் ரிலே மோட்டாரோட ஃபேஸ் வயர்ல இருந்தா, மொத்த கரண்ட்ல 58 சதவீதத்துக்குத்தான் செட் பண்ணணும். 35 ஆம்பியர் மோட்டாருக்கு 20. அங்க 35லயே வச்சிருந்தாங்க. அதாவது காவல்காரன் இருக்கான், ஆனா தூங்கறான்.

நான் புதுசா வாங்கச் சொன்னது ரெண்டே சாமான். ஒரு சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர், பெரிய ஃபேன் மெதுவா வேகம் எடுக்கற வரைக்கும் பொறுமையா இருக்கற கிளாஸ் 20 ரிலே. கிளப்பும்போது ஃபேனோட டேம்பரை மூடி வைக்கச் சொன்னேன், டைமரை நீட்டினேன், ரிலேயைச் சரியா செட் பண்ணினேன். அதுக்கப்புறம் அந்த மோட்டார் எரியலை.

முதலாளிக்கு என் மேல ஏக நம்பிக்கை. வாட்டற கூடத்து ஃபேன்களுக்கும் இலை போற கன்வேயருக்கும் சேர்த்துப் புது பேனல் ஆர்டர் குடுத்தார். கூடவே ஒரு கோரிக்கை. "ராத்திரி நாலு தடவை கரண்ட் போகுது. ஒவ்வொரு தடவையும் ஆள் ஓடி ஓடி பட்டன் அமுக்க முடியலை. கரண்ட் வந்தா தானா ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க."

சாதாரண ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அமுக்கினா கான்டாக்டர் தன்னைத் தானே பிடிச்சுக்கும். கரண்ட் போனா விட்டுடும், திரும்ப வந்தாலும் யாராவது அமுக்கினாத்தான் ஓடும். பட்டனுக்குப் பதிலா திருப்பி வைக்கிற சுவிட்ச் போட்டா கரண்ட் வந்ததும் தானா ஓடும். வயர்கூட மிச்சம். வாட்டற ஃபேனுக்கு அது சரிதான். வலை போட்டு மூடியிருக்கு, யாரும் கை விட முடியாது. ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்ப டைமர் வச்சேன்.

கன்வேயருக்கு? அதே டிராயிங்கை காப்பி பண்ணினேன். யோசிச்சு முடிவு பண்ணினதுன்னு சொன்னா பொய். யோசிக்கவே இல்லை.

ரெண்டு மாசம் கழிச்சு போடிக்காரர் போன் பண்ணினார். கரண்ட் போயிருந்த நேரத்துல, பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவுல சிக்கின இலையை ஒரு அண்ணன் கையால எடுத்துக்கிட்டு இருந்திருக்கார். ஜெனரேட்டரைப் போட்டிருக்காங்க. பெல்ட் கிளம்பிடுச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு.

கவனிச்சீங்களா? தொழிற்சாலையில சுத்தம் பண்றது கரண்ட் இல்லாத நேரத்துலதான். அதுதான் ஓய்வு நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் என் சுவிட்ச் "ஓடு"ங்கற நிலையில காத்துக்கிட்டு இருந்துச்சு.

சேட்டன் திட்டலை. டிராயிங்கை எடுத்து அந்த சுவிட்ச் மேல பென்சிலால ஒரு வட்டம் போட்டு என் மேஜையில வச்சுட்டுப் போயிட்டார். மறுநாளே மலை ஏறி கன்வேயருக்கு பட்டன் போட்டேன், பக்கத்துலயே பூட்டு போடற மாதிரி ஐசொலேட்டர், பெல்ட் நீளத்துக்கும் இழுத்தா நிக்கற கயிறு. கிளம்பறதுக்கு முன்னாடி அடிக்க ஒரு மணி. எல்லாம் சேர்த்து ஃபேக்டரியோட ஒரு நாள் கூலிச் செலவுகூட ஆகலை.

அந்த அண்ணனைப் பார்த்தேன். கட்டோட உட்கார்ந்திருந்தார். "கரண்ட் இல்லைன்னு நெனச்சுட்டேன் சார், என் தப்புதான்"னார். இல்லண்ணே, என் தப்புன்னு சொல்ல வாய் வரலை. இன்னைக்கு வரைக்கும் அது உறுத்துது.

பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, ஐஈசி 60204-1லயே இது இருக்கு. கரண்ட் திரும்ப வரும்போது இயந்திரம் தானா கிளம்பி ஆபத்து வருமானா, அதைத் தடுக்கணும்னு. விஎஃப்டியிலயும் இதே வம்பு உண்டு. ஆட்டோ ரீஸ்டார்ட்னு ஒரு பாராமீட்டர், ஒரு எண்ணை மாத்தினா போதும். அணைச்ச பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல சில நிமிஷம் கரண்ட் நிக்கும்ங்கறது தனிக் கதை.

அதனால லிஸ்டை பையன்கிட்டயே திருப்பிக் குடுத்தேன். ஹெச்பிக்கு முன்னாடி ஒரு புது காலம் போடச் சொன்னேன்: "கரண்ட் போய் வந்தா?" 42க்கும் சைட்டுக்குப் போய், பக்கத்துல யார் நிக்கறாங்க, எங்க கை வைக்கறாங்கன்னு பார்த்து எழுதிட்டு வரணும். அதுக்கப்புறம் டிஓஎல்லா, விஎஃப்டியான்னு பேசலாம்.

நேத்து கொண்டு வந்தான். 31 இடத்துல "நிக்கணும்"னு எழுதியிருந்தான். ஒண்ணுல மட்டும் கேள்விக்குறி. "இது சரியாத் தெரியலை சார், நீங்களும் வந்து பாருங்க"ன்னான்.

சனிக்கிழமை போறோம்.