நொண்டாத காலைப் பாருங்க, சார்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுத ஆரம்பித்துவிடுவான். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மொய்க் கணக்குதான் முதலில் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட எனக்கே கணக்கு இடிக்கிற ஒரு கேஸ், பார்பரோ என்கிற அமெரிக்கக் குதிரை.

2006 மே மாதம் கென்டக்கி டெர்பியில் ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த ஹீரோ. அதுவரை தோல்வியே கிடையாது. சரியாக இரண்டு வாரம் கழித்து, பால்டிமோர் நகரில் அடுத்த ரேஸ். கிளம்பிய சில விநாடிகளில் வலது பின்னங்கால் போச்சு. ஒடியவில்லை சார், நொறுங்கிவிட்டது. ஒரு எலும்பு மட்டுமே இருபது துண்டுக்கு மேல்.

வழக்கமாக இந்தக் கட்டத்தில் ஒரு ஊசியைப் போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். "அட, கட்டுப் போட வேண்டியதுதானே? இதுக்குப் போயா கொல்றது?" என்று கேட்கத் தோன்றுகிறதா?

நம்மை மாதிரி மூன்று மாதம் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாரப் பத்திரிகை படிக்கக் குதிரையால் முடியாது. 500 கிலோ உடம்பு. ரொம்ப நேரம் படுத்தால் அதன் கனமே அதற்கு எமன். நின்றே ஆகவேண்டும். ஒரு கால் லீவு போட்டால், அந்தப் பாரம் மற்ற கால்களுக்குப் போகும்.

நம்ம செக்‌ஷன் மாதிரியேதான்! ஒருத்தர் மெடிக்கல் லீவில் போனால் அவர் ஃபைல் எல்லாம் யார் மேஜைக்கு வரும்? முணுமுணுக்காமல் வேலை பார்க்கிறவர் மேஜைக்கு. குதிரையிடம் அந்த அப்பாவி, எதிர்ப்பக்கத்து நல்ல கால். குளம்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய திசு, பாரம் தாங்காமல் உள்ளுக்குள்ளே பிய்ந்துகொள்ளும். இதற்கு லேமினைட்டிஸ் என்று பெயர். ஒடிந்த கால் பிழைத்தாலும், ஒடியாத கால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவமனைக்கு பார்பரோ போனது. டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் ஒரு படையே இறங்கியது. சுமார் 5 மணி நேர ஆபரேஷன், உள்ளே 27 ஸ்க்ரூ. மயக்கம் தெளியும் குதிரைக்கு முதலில் தோன்றுவது 'எழுந்து ஓடு!' என்பதுதான். உதறினால் அத்தனை ஸ்க்ரூவும் காலி. அதனால் நாலு கால் நுழைகிற ரப்பர் தெப்பத்தில் வைத்து, வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு எழுப்பினார்கள். அடிபடாத இடது காலுக்கும் தனியாகத் தாங்குலாடம் பூட்டினார்கள். என்னை அசத்தியது அதுதான்.

அப்படியும் ஜூலையில் அந்த இடது காலில் லேமினைட்டிஸ் வந்தது. குளம்பின் ஓட்டில் 80 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். வாயில்லா ஜீவன் 'வலிக்குது' என்று சொல்லுமா? தீனி எடுக்கிறதா, படுத்துத் தூங்குகிறதா, காதை எப்படி வைத்திருக்கிறது... டாக்டர்கள் தினமும் பார்த்த பேலன்ஸ் ஷீட் இதுதான். ஜனவரியில் முன்னங்கால்களுக்கும் வியாதி பரவியது. இனி வலி மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். 2007 ஜனவரி 29.

எட்டு மாத வைத்தியம், பலன் பூஜ்யம். பி.காம். மூளை 'வராக்கடன்' என்று எழுதி மூடச் சொல்கிறது. மனசு கேட்கவில்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த வருஷம், பிசியோதெரபி சொல்லித்தர ஒரு பையன் வந்தான். அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான். "ஐயாவை யாருங்கம்மா தூக்கி உக்கார வைக்கிறது? நீங்களா? முதல்ல நீங்க இப்படி நில்லுங்க" என்று, முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்கும் வித்தையை அம்மாவுக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தான். அந்த நாலு மாதமும் அப்பா நோயாளி. விழாமல் நின்றது அம்மா.

அந்தப் பையன் குதிரையைச் சினிமாவில்தான் பார்த்திருப்பான். ஆனால் அந்தக் குதிரை டாக்டர்களோடு சரிசமமாக உட்காரலாம்.

நாளைக்கு உங்கள் செக்‌ஷனில் யாராவது லீவு போட்டால், லீவு போட்டவரை அப்புறம் விசாரியுங்கள். அந்த ஃபைலெல்லாம் யார் மேஜையில் இருக்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள். முடிந்தால் நாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.