பாதியில் நின்ற அப்டேட்

ஜூன் 14, 2024, வெள்ளி

மாலை ஐந்தரைக்குக் கரண்ட் போனது. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் இது புதிதில்லை. மேற்கேயிருந்து காற்று இறங்கினால் எங்காவது ஒரு கிளை கம்பியில் விழும். ஆனால் இன்று போகக் கூடாத நேரத்தில் போனது. எங்கள் கல்லூரி நூலகத்தின் சர்வரில் டெபியன் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பை 12-ஆக மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கூவியது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. பேட்டரி மாற்றக் கேட்டு எழுதிய கோப்பு போன ஆண்டிலிருந்து அலுவலகத்தில் கிடக்கிறது.

மாற்றியே ஆக வேண்டிய வேலைதான். டெபியன் 11 வெளிவந்தது 2021 ஆகஸ்டில். மூன்றாண்டு முழுப் பராமரிப்பு வருகிற ஆகஸ்டில் முடிகிறது. 12-ஆம் பதிப்பு போன ஜூனிலேயே வந்துவிட்டது. வகுப்புகள் தொடங்கிக் கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிட நினைத்தோம். சர்வீஸ் தம்பி மூன்றரைக்கு வந்தார். முதலில் எங்கள் நூலக மென்பொருளான கோஹாவை நிறுத்தினார். அடுத்து மரியாடிபி டேட்டாபேஸை முறைப்படி நிறுத்தினார். அதன் பிறகுதான் அப்டேட்டைத் தொடங்கினார். அவர் எதிலும் அவசரப்படவில்லை. நாளைக்கு யாராவது அவரைக் குறை சொல்லக்கூடும் என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

இருட்டில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. நூலக உதவியாளர் அண்ணாச்சி, திரும்பி வந்த புத்தகங்களையெல்லாம் தூக்கி எங்கெங்கோ வைத்தார். கதவைப் பூட்டும்போது ஏழு மணி. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, சனி

சர்வர் எழுந்தது. கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் வந்தன. கோஹாவைத் திறந்தால் 500 என்ற பிழை எண் மட்டுமே.

தம்பி போனில் விளக்கினார். டெபியன் ஒரு பொதியை இரண்டு கட்டமாக நிறுவுகிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து அதனதன் இடத்தில் வைக்கும். பிறகு ஒவ்வொன்றையும் அமைத்து ஓடவிடும். கல்யாண வீட்டில் சாமானெல்லாம் வந்து இறங்கி, அடுப்புப் பற்றவைக்கும் முன் ஆட்கள் எழுந்து போன நிலைமை நமக்கு. சில பொதிகள் புதியவை, சில பழையவை, சில இரண்டும் இல்லாதவை.

எனக்கு இருந்த பயம் வேறு. கோஹா தினமும் காலை 6.25-க்கு டேட்டாபேஸைத் தானே பேக்கப் எடுத்துவைக்கும். ஆனால் அது வைக்கும் இடமும் அதே சர்வர்தான். இயல்பான அமைப்பில் இரண்டு நாளைக்கு முந்தையவற்றை அதுவே அழித்தும் விடும். புதிதாக எழுதியது ஒழுங்காக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அழிப்பதில்லை. சர்வரை இப்படியே ஓடவிட்டால் வெள்ளிக்கிழமைக் காலைப் பிரதி சில நாளில் காணாமல் போய்விடும்.

தம்பி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் தட்டினேன். வெள்ளிக்கிழமைப் பிரதி இருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றினேன், இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றினேன். ஒன்று கைப்பையில் இருக்கிறது. மற்றது கல்லூரியின் இரும்புப் பீரோவில், நூல் வரவைக் கையால் எழுதிவைக்கும் அக்செஷன் ரிஜிஸ்டர்களுக்குப் பக்கத்தில்.

சர்வரை அணைத்துவிட்டு வந்தேன். பிரதி முழுதாக இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது. இருக்கிறது என்பதே இன்றைக்குப் போதும்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. நாளெல்லாம் சர்வர் நினைப்பு.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு மாணவி அப்பாவோடு வந்தாள். தமிழ் இலக்கியம், மூன்றாமாண்டு முடித்தவள். பி.எட். சேர டி.சி. வேண்டும். டி.சி. தர நூலகத்திலிருந்து பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று வேண்டும். நாளைக்குள் திருநெல்வேலியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

“ஒரு புத்தகம்தான் மேடம் எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கொடுத்துட்டேன்.”

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோஹா நின்றிருந்தது. அப்போது திரும்பி வந்த புத்தகங்களைத் துண்டுச் சீட்டில் குறித்தோம். சீட்டுகளைத் தேடினேன். சிலது கிடைத்தது, ஈரத்தில் மை பரவியிருந்தது. அவள் பெயர் எதிலும் இல்லை.

அப்பா வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சிஸ்டம் எப்பம்மா வரும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

எஸ்.ஆர்.இரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931-இல் அவர் அச்சில் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. படிக்கிற காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. ஒரு தகப்பனின் ஒரு நாள் கூலியும் அதற்குள் இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணாச்சிதான் கேட்டார். “என்ன புத்தகம்மா? அட்டை என்ன கலர்?”

“பச்சை. முதுகுல டேப் ஒட்டியிருக்கும்.”

அலமாரியில் அதன் இடம் காலியாக இருந்தது. ரிட்டர்ன் மேசையிலும் இல்லை. அவள் முகம் மாறிவிட்டது. அண்ணாச்சி மட்டும் விடவில்லை. “அன்னைக்குச் சாரல்ல நான் எடுத்து வச்சேன்லா, அதையும் பாத்துருவோம்” என்று பத்திரிகை அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கட்டு ஒன்றைச் சுமந்து வந்தார். பழைய நாளிதழ் போர்த்தி வைத்திருந்திருக்கிறார். நடுவில் பச்சை அட்டை, முதுகில் டேப்.

அக்செஷன் ரிஜிஸ்டரை எடுத்துப் புத்தக எண்ணைச் சரிபார்த்தேன். என் முன்னோடி நூலகரின் கையெழுத்தில், விலையோடு, வாங்கிய கடையின் பெயரோடு அந்த வரி இருந்தது. நோ டியூவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 19, புதன்

கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிப் புத்தகம் கொடுத்தோம். கை வலிக்கிறது.

ஜூன் 20, வியாழன்

தம்பி காலையிலேயே வந்துவிட்டார். இன்வெர்ட்டர் இருக்கும் முதல்வர் அலுவலகத்திலிருந்து நீளமாக வயர் இழுத்து, சர்வரை அதில் மாட்டிய பிறகுதான் ஆன் செய்தார்.

கோஹாவின் பிழைப் பதிவை எனக்கும் காட்டினார். டிபிஐ என்ற தொகுதியைக் காணவில்லை என்று வரிவரியாக அதே புலம்பல். கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பெர்லில் எழுதிய நிரல் டேட்டாபேஸோடு பேச டிபிஐ வேண்டும். டெபியன் 11-இல் இருந்த பெர்ல் 5.32, 12-இல் இருப்பது 5.36. இத்தகைய தொகுதிகளை டெபியன் பதிப்பு எண்ணிட்ட தனித்தனி அடைவில் வைக்கிறது. பெர்ல் புதியதாகிவிட்டது, அதனால் அது 5.36 அடைவில் தேடுகிறது. டிபிஐ மாறுவதற்குள் கரண்ட் போனதால் அது இன்னும் 5.32 அடைவிலேயே கிடக்கிறது. இரண்டும் ஒரே வட்டில்தான் இருக்கின்றன. ஒன்று மற்றதைத் தேடும் இடம் மாறிவிட்டது.

அண்ணாச்சியும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப தொலையல, இடம் மாறிக் கிடக்கு” என்றார்.

பாதியில் நின்றவற்றை அமைத்து முடிக்கும் கட்டளையைத் தம்பி கொடுத்தார். சிலது முடிந்தது, சிலது ஒன்றையொன்று காரணம் காட்டி நின்றது. உடைந்த சார்புகளைச் சரிசெய்யும் கட்டளை, மறுபடி முதல் கட்டளை, பிறகு மீதி அப்டேட். நடுவில், ஒரு அமைப்புக் கோப்பில் நம்முடைய பதிப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று திரை கேட்டது. வெள்ளிக்கிழமையும் இதே கேள்வி வந்ததாகத் தம்பி சொன்னார். அன்று எந்தக் கோப்புக்கு என்ன பதில் போனது என்று பதிவில் பார்க்க வேண்டும் என்றார்.

மூன்று மணிக்குக் கோஹாவின் முகப்பு வந்தது. மரியாடிபி 10.5-இலிருந்து 10.11-க்கு மாறி, சத்தமில்லாமல் ஓடியது. முன்பே முறைப்படி நிறுத்தியதுதான் டேட்டாவைக் காப்பாற்றியது என்றார் தம்பி. அண்ணாச்சி எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். இத்தனை நாளில் இன்றுதான் டீ ருசித்தது.

ஜூன் 21, வெள்ளி

தமிழ் போய்விட்டது.

ஆங்கிலத் தலைப்பைத் தேடினால் வருகிறது. ‘புறநானூறு’ என்று தட்டினால் ஒன்றுமில்லை. ‘கம்பராமாயணம்’, ‘சிலப்பதிகாரம்’ எதுவும் இல்லை. பார்கோடு எண்ணைக் கொடுத்தால் அதே புத்தகம் தமிழ்த் தலைப்போடு வந்து நிற்கிறது. பதிவு இருக்கிறது, தேடினால்தான் அகப்படவில்லை.

ஓபாக் என்ற தேடல் பக்கத்தில் தேடிய முதலாமாண்டுப் பையன் ஒருவன், “தமிழ்ப் புக்கு இங்க இல்ல போல” என்று நண்பனிடம் சொல்லிவிட்டுப் போனான். கூப்பிட்டுச் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டான். சர்வர் அடியோடு நின்றிருந்தபோதுகூட இவ்வளவு வருத்தம் வரவில்லை. நின்ற சர்வர் யாருக்கும் தவறான பதில் சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

காரணம் கிடைத்தது. கோஹாவில் தேடலைச் செய்வது ஜீப்ரா என்ற வேறொரு மென்பொருள். அது இயல்பாக வருவது ரோமன் எழுத்துகளை மனத்தில் கொண்ட அமைப்போடு. தமிழுக்கு, மற்ற எழுத்துகளையும் கையாளும் ஐசியூ முறையை இயக்க, ஓர் அமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்ற வேண்டும். முன்பு கோஹாவை நிறுவியவர் மாற்றியிருக்கிறார். கரண்ட் போன வெள்ளிக்கிழமை அந்தக் கோப்புக்குப் ‘புதியது’ என்று பதில் போயிருக்கிறது. ஓடும் அமைப்பில் அவர் எழுதிய வரிகள் இல்லாமல் போய்விட்டன. அவர் இப்போது ஊரில் இல்லை. என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை.

வரிகளைத் திரும்பச் சேர்த்து, தேடல் அட்டவணையை முதலிலிருந்து மறுபடி கட்டச் சொன்னோம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். மாலையில் ‘புறநானூறு’ வந்தது, உரைகள் வரிசையாக.

அந்த வரிகளை இன்று ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

நோட்டில் எழுதியவற்றைக் கோஹாவில் ஏற்றினோம். அந்தப் பி.எட். மாணவியின் கணக்கைத் திறந்தால், பச்சை அட்டைப் புத்தகம் இன்னும் அவளிடம் இருப்பதாகவே இருந்தது. கரண்ட் போன வெள்ளிக்கிழமை மூன்றரையோடு கோஹாவின் அறிவு நின்றுவிட்டது. அவள் நோ டியூ கேட்டு வந்த அன்று சர்வர் ஓடி, நான் திரையை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு நோ டியூ கிடைத்திருக்காது. திரும்பிய தேதியை ஜூன் 14 என்று கையால் கொடுத்துக் கணக்கை முடித்தேன்.

இன்னொரு பெயரும் அதே நிலையில் இருக்கிறது. பொருளியல் இரண்டாமாண்டுப் பையன். அதே மாலை கொடுத்ததாகச் சொல்கிறான். சீட்டு இல்லை. அண்ணாச்சி எல்லா இடத்திலும் தேடிவிட்டார், புத்தகமும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறான். அபராத நோட்டீஸை இன்னும் அனுப்பவில்லை.

ஜூலை 20, சனி

நேற்று உலகம் முழுவதும் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட்தான் காரணம். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். பல கணினிகளில் யாராவது நேரே போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படம் எல்லார் போனிலும் வந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு எங்கள் நோட்டை எடுத்துக் காட்டினார்.

கோஹா பிறந்ததும் இப்படி ஒரு நெருக்கடியில்தான். 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தபோது, புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரி 3 அன்று ஓடத் தொடங்கியது. எழுதியதை மற்ற நூலகங்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தார்கள். அதனால்தான் தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் காசு கொடுக்காமல் அது ஓடுகிறது.

பொருளியல் பையனின் புத்தகம் கிடைக்கவில்லை. பேட்டரிக் கோப்பில் இன்னும் கையெழுத்தாகவில்லை.

சிறிய நூலகங்களில் சர்வர் வைத்திருக்கும் தோழர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ஆனால் பேட்டரியைச் சோதிக்காமல் தொடங்காதீர்கள். பேக்கப்பை அதே சர்வரில் விட்டுவைக்காதீர்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். அமைப்பில் எதை மாற்றினாலும் தாளில் எழுதி, உங்களுக்கு அடுத்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அக்செஷன் ரிஜிஸ்டரைக் கழித்துவிடாதீர்கள்.