கடை திறந்திருந்தது... கதவுதான் சாத்தியிருந்தது!

ஆயுத பூஜை அன்று காலை. சின்னாளப்பட்டியில் அந்த வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், கத்தரிக்கோல், எடைத் தராசு எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் லேப்டாப். அதன் மூடியில் பொட்டு வைத்த அத்தை, கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன அத்தை, வேண்டுதலா?" என்று கேட்டான், கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன்.

"தீபாவளி முடிஞ்சதும் இதைத் துடைச்சு உனக்கே கொடுத்துடுறேன்டா. இனிமே எனக்கு எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

நான்கு வருடங்களாக அத்தை சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறார். மாமாவின் ஜவுளிக் கடை நொடித்துப்போன பிறகு தொடங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. தெருவில் ஐந்து பெண்கள் அவருக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் தோய்த்துப் பிரித்தால் ஒரு புள்ளி வரும். ஒரு சேலைக்கு அப்படி ஆயிரக்கணக்கில் புள்ளிகள்.

ஆடி மாதம் 18,000 ரூபாய் செலவில் வெப்சைட்டைப் புதிதாக மாற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆவணியிலிருந்து போன் குறைந்தது. வாரத்துக்கு முப்பது ஆர்டர் வந்த இடத்தில் நான்கு, ஐந்து. அதுவும் பழைய வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டவை. புது ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

"சுங்குடியெல்லாம் இப்ப யாரும் கட்டறதில்ல போல" என்ற முடிவுக்கு அத்தை வந்துவிட்டார். முடிச்சுப் போடும் பெண்களில் இரண்டு பேரிடம், வேறு வேலை இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. ஒருவர் நூல் மில்லில் சேர்ந்தும் விட்டார்.

இதற்கிடையில் போனில் ஒரு குரல். "மேடம், 25,000 கட்டுங்க. கூகுள்ல முதல் பக்கம், முதல் இடம் கியாரண்டி." அத்தை நகையை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த கியாரண்டியை யாராலும் கொடுக்க முடியாது அத்தை. கூகுளே அதைச் சொல்லியிருக்கு. பூஜை முடியட்டும், நான் பார்க்கிறேன்" என்றான் அவன்.

ஒரு டிக்

பொரி, கடலையைக் கொறித்துக்கொண்டே அவன் முதலில் செய்தது ஒன்றே ஒன்று. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கடையின் முகவரியை எழுதினான். அந்தத் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்று தோராயமாகக் காட்டும் வழி இது. நூறு பக்கங்களுக்கு மேல் வர வேண்டும். வந்தது இரண்டு.

அடுத்து, கூகுளின் சர்ச் கன்சோலில் அத்தையின் சொந்த மெயிலிலேயே தளத்தை இணைத்தான். இலவச வசதிதான். ஆனால், நான்கு வருடங்களாக யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. ஒரு சேலையின் முகவரியை அங்கே போட்டுச் சோதித்ததும் காரணம் வந்தது. அந்தப் பக்கத்தில் 'நோ-இண்டெக்ஸ்' என்ற குறிப்பு இருந்தது.

"அப்படின்னா?"

"வீடு வீடா ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வர்றாங்கல்ல... அதுபோல கூகுள் ஒவ்வொரு வெப்சைட்டா வந்து பார்த்துக் குறிச்சுக்கும். குறிச்சு வெச்சதைத்தான் தேடுறவங்களுக்குக் காட்டும். நம்ம வீட்டு வாசல்ல, 'எங்களைக் கணக்குல சேர்க்காதீங்க'னு போர்டு தொங்குது."

வேர்ட்பிரஸ்ஸில் 'அமைப்புகள்' பகுதிக்குள் 'வாசிப்பு' என்று ஒரு பக்கம் உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி அங்கே இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது, அரைகுறையாக இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அதில் டிக் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்துவிட்டார்கள். கூகுள் ஒவ்வொரு பக்கமாகத் திரும்ப வந்து பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக அதன் பட்டியலிலிருந்து கழன்று போயிருக்கிறது. அதனால்தான் ஒரே நாளில் நிற்காமல், மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது.

அவன் டிக்கை எடுத்தான். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... சேலை பிடிக்காமப் போகலையா?"

"சேலையை யாரும் பார்க்கவே இல்லையே அத்தை!"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். காபி வர வழக்கத்தைவிட நேரமானது.

கத்திரிப்பூ கலர், அரக்கு பார்டர்

டிக்கை எடுத்ததோடு முடியவில்லை. புதுத் தளத்தில் எல்லாச் சேலைகளின் முகவரியும் மாறியிருந்தது. வாடிக்கையாளர்கள் தோழிகளுக்கு அனுப்பிவைத்த பழைய லிங்க்குகளை அழுத்தினால் '404, பக்கம் இல்லை' என்று வந்தது. வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது விலாசம் எழுதிக் கொடுக்காதது மாதிரி. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டுக்கு '301' என்று பெயர். முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்பதைக் கூகுளுக்கும் அது சொல்லிவிடும்.

"எல்லாத்தையும் முதல் பக்கத்துக்கே திருப்பிவிட்டா என்ன?" என்று கேட்டார் அத்தை.

"சேலை கேட்டு வந்தவங்களைத் தெருமுனையில நிறுத்தின மாதிரி ஆயிடும். கூகுளும் அதைப் 'பக்கம் இல்லை'ன்னே எடுத்துக்கலாம்."

இரவு பத்து மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் பழைய முகவரியை வாசிக்க, அத்தை அதில் இருக்கும் எண்ணை வைத்தே சேலையைச் சொன்னார். "47-ஆ? கத்திரிப்பூ கலர், அரக்கு பார்டர். இருக்கு. 52 வித்துப்போச்சு, அதே மாதிரி மயில் கழுத்து ஒண்ணு இருக்கு, அதுக்கு அனுப்பு." நூற்று நாற்பது சேலைகள். ஒன்றைக்கூட அவர் யோசித்துச் சொல்லவில்லை.

படமாகிப் போன எழுத்து

மறுநாள் போனில் திறந்து பார்த்தான். முதல் பக்கம் வர எண்ணினால் பதினோரு விநாடி. செல்போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 5, 6 எம்.பி. அளவில் அப்படியே ஏற்றப்பட்டிருந்தன. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். தளங்களின் போன் வடிவத்தைத்தான் முதலில் கணக்கில் எடுப்போம் என்று 2016-ல் அறிவித்த கூகுள், 2023-ல் அந்த மாற்றத்தை முடித்துவிட்டது. அதனால் லேப்டாப்பில் அழகாக இருந்து பயனில்லை. படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் அகலம், உயரம் குறித்து வைத்தான். பக்கம் குதிப்பதும் நின்றது.

இன்னொரு கோளாறு, 'ரோபோட்ஸ்' என்ற சின்னக் கோப்பில். தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு அது. 1994 முதல் இருக்கும் ஏற்பாடு. அதில் படங்கள் இருக்கும் இடத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். சேலையைப் படமாகத் தேடுபவர்களுக்கும் கடை தெரியாமல் போனது இதனால்தான். அந்த வரியை நீக்கினான்.

சேலை விவரங்களில்தான் அத்தைக்கு ஆச்சரியம். டி.டி.பி. கடையில் அடித்து வாங்கியதை அப்படியே படமாக ஒட்டியிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு எழுத்து. தளத்தைப் பொறுத்தவரை வெறும் படம். 'சுங்குடி' என்ற சொல்லே பல பக்கங்களில் எழுத்தாக இல்லை. டி.டி.பி. கோப்பிலிருந்து நகலெடுக்கலாம் என்றால், அது பழைய ஃபான்ட். ஒட்டிப் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தன. யூனிகோடுக்கு மாற்றித்தான் போட முடிந்தது. இருந்ததோடு விடாமல், அத்தை சொல்லச் சொல்ல, எத்தனை முழம், சாயம் போகுமா, முதல் முறை எப்படித் துவைக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்து எழுதினான்.

ஒரே சேலை நிறம், விலை என்று வடிகட்டும்போது நான்கைந்து முகவரிகளில் திறந்தது. எது அசல் என்று சொல்ல, 2009 முதல் இருக்கும் 'கேனானிக்கல்' குறிப்பைச் சேர்த்தான். எல்லாப் பக்கங்களின் பட்டியலான 'சைட்மேப்'பைச் சர்ச் கன்சோலில் கொடுத்தான். அவ்வளவுதான். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

பால் கணக்குக்குப் பக்கத்தில்

மூன்றாம் நாள் முதல் பக்கம் கூகுளில் வந்தது. இரண்டு வாரத்தில் பெரும்பாலான சேலைகள் வந்துவிட்டன. ஒரு மதியம், ஓசூரிலிருந்து பழக்கமில்லாத ஒரு குரல், "கத்திரிப்பூ கலர் இருக்கா?" என்று கேட்டது. அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

தீபாவளி வியாபாரத்தில் பாதிக்கு மேல் போனது போனதுதான். அது திரும்பவில்லை. முடிச்சுப் போடும் பெண்களில் ஒருவர் உடனே வந்துவிட்டார். மில்லுக்குப் போனவர் வரவில்லை. "அங்க பி.எஃப். பிடிக்கிறாங்கக்கா" என்றார். அத்தையால் மறுத்துப் பேச முடியவில்லை. அவர் விட்டுப்போன அரைச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது. பாதி முடிச்சோடு.

பீரோ கதவில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. அத்தையின் கையெழுத்து.

1. மாதம் முதல் தேதி: 'சைட்' போட்டுத் தேடு. எத்தனை பக்கம் வருகிறது?
2. தளத்தில் யார் கை வைத்தாலும், அன்றே அந்த டிக்கைப் பார்.
3. முகவரி மாறினால் பழையதிலிருந்து புதியதற்கு வழி விடு.
4. படத்தைச் சுருக்காமல் ஏற்றாதே.
5. விவரத்தை எழுத்தாக எழுது. படமாக ஒட்டாதே.
6. பாஸ்வேர்டு எல்லாம் என்னிடமே இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு அண்ணன் மகன் போன் செய்தான். நலம் விசாரித்துவிட்டு, "சைட்டைப் பார்த்தீங்களா அத்தை?" என்று தொடங்கினான்.

"காலையிலேயே பார்த்துட்டேன். நூற்று அறுபத்திரண்டு. நீ சாப்பிட்டியா?"

பேசும்போதும் அத்தையின் விரல்கள் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தன. மில்லுக்குப் போனவருக்குப் பதிலாக, இப்போதெல்லாம் அந்த முடிச்சுகளையும் அவரேதான் போடுகிறார்.