லைப்சிக் நகரில் பதினைந்து நாட்கள்

எங்கள் அத்தானை நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவும் அறியும். கொல்கத்தாவில் நாற்பது ஆண்டுகளாகப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தும் பழுது பார்த்தும் வருபவர். மழைக்காலத்தில் பலகை உப்பிச் சுருதி ஏறுவதும், கட்டைகள் எழும்பாமல் சிக்குவதும், கம்பளிச் சுத்திகளைப் பூச்சி அரிப்பதும் இந்நகரில் அவருக்கு ஓயாத வேலை கொடுத்து வந்தன. அவருடைய மகன் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பெற்றோரை அங்கு அழைத்தான். துணைக்கு நாங்களும் புறப்பட்டோம். இரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் அயல்நாட்டுப் பயணமா என்று வியப்போருக்கு: நான்காண்டுச் சேமிப்பு கரைந்தது, அவ்வளவே.

பெட்டி கட்டும்போதே ஒரு வழக்கு எழுந்தது. அப்பளத்துக்கு இடமில்லை என்று அக்காள் மன்றாட, அத்தானோ தம் சுருதிச் சாவியையும் இசைக்கவையையும் துணியில் சுற்றி அடியில் வைத்துவிட்டார். "பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா, பிழைப்பைப் பார்க்கப் போகிறீர்களா?" என்றாள் அக்காள். விடை வரவில்லை.

பிராங்க்பர்ட்டில் விமானம் விட்டிறங்கி இரயிலில் லைப்சிக் சேர்ந்தோம். அந்த நிலையத்தைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதலாம், ஆசிரியர் இடங்கொடார். 1915இல் கட்டி முடிக்கப்பட்டது. முகப்பின் நீளம் 298 மீட்டர். அந்நாளில் பிரஷ்ய இரயில்வேயும் சாக்சனி இரயில்வேயும் அதனைப் பங்கிட்டுக் கொண்டபடியால் நுழைவு மண்டபங்களும் இரண்டு. எல்லைத் தகராறு எந்நாட்டு இரயில்வேக்கும் பொது என்று கண்டு எங்களுக்கு ஓர் ஆறுதல். ஒரு தடத்தில் பழைய நீராவி எஞ்சின் காட்சிக்கு நிற்கிறது. மனைவி இருமுறை அழைத்த பிறகே அவ்விடம் விட்டகன்றோம்.

பாஹ் என்னும் இசைமேதை 1723 முதல் 1750இல் மறையும் வரை பணியாற்றிய புனித தாமஸ் ஆலயத்தில் இப்போது அவரது சமாதியும் இருக்கிறது. அங்கே அத்தான் மௌனமாகச் சிறிது நேரம் நின்றார். ஆனால் அவர் மனம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் இசைக்கருவிக் காட்சிசாலையில் இருந்தது. பியானோவை முதன்முதல் சமைத்த இத்தாலியர் கிறிஸ்டோபோரியின் கைவேலையில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை மூன்றே; அவற்றுள் 1726இல் செய்யப்பட்டது இங்கே உள்ளது. இக்காலப் பியானோவில் 88 கட்டைகள்; அதில் 49 மட்டுமே. சுத்தியின் தலை சுருட்டிய காகிதம், அதன்மேல் தோல். "கம்பளி இல்லை, பூச்சிக்கு வேலையில்லை," என்று அத்தான் முணுமுணுத்தார். காவலர் பார்க்காதபோது குனிந்து அடிப்புறமும் பார்த்துவிட்டார்.

மகனின் எண்ணம் மூன்றாம் நாள்தான் வெளிப்பட்டது. "தொழிலை விட்டுவிடுங்கள், அப்பா. மாடிப்படி ஏறி இறங்கியது போதும்," என்றான். அத்தான் தேநீரைக் குடித்தபடி ஜன்னலைப் பார்த்தார்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வசிக்கிறார். அவரிடம் புளூத்னர் பெரும்பியானோ ஒன்று சுருதி கலைந்து கிடந்தது. 1853 முதல் லைப்சிக்கில் பியானோ செய்துவரும் நிறுவனம் அது. அதன் பெரும்பியானோக்களில் மேற்ஸ்தாயிச் சுரங்களுக்கு மூன்று தந்திகளோடு நான்காவது ஒன்றும் உண்டு. சுத்தி அதனைத் தீண்டாது; மற்றவை ஒலிக்கையில் அதுவும் தானே அதிரும். அந்த அம்மையாரின் அனுமதியுடன் அத்தான் சாவியை எடுத்தார். அப்பளத்தின் வழக்கு அன்று தள்ளுபடியாயிற்று.

இரு தந்திகள் முழுதும் இணங்காவிடில் ஒலி அலையலையாய் ஏறி இறங்கும். அந்த அலை அடங்கும்வரை திருகுவதே சுருதி சேர்த்தல். நடு ஸ்தாயியை அவர் விரைந்து முடித்தார். உச்சிக்குப் போனதும் கை தயங்கியது. ஒரே கட்டையைப் பலமுறை தட்டினார். அருகில் அமர்ந்திருந்த எங்கள் பன்னிரண்டு வயது மகள், "மாமா, இன்னும் அலைகிறதே!" என்றாள். அவர் சாவியைக் கீழே வைத்தார். பிறகு தம் மகனை நோக்கி, "இரண்டு ஆண்டாக உச்சி ஸ்தாயி எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. படிக்கட்டு அன்று காரணம்," என்றார். அக்காளுக்கும் அது புதிய செய்தி.

மகன் வாய் திறக்கவில்லை. அத்தான் எங்கள் மகளை இன்னும் அருகே அழைத்து அமர்த்தினார். அவர் திருக, அவள் கேட்க, "இன்னும், இன்னும், போதும்" என்று அவள் சொல்லச் சொல்ல, மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தது. ஆசிரியை ஒரு பாட்டை வாசித்துவிட்டு ஆப்பிள் பணியாரம் கொடுத்தார். கூலி வாங்க அத்தான் மறுத்துவிட்டார்.

கொல்கத்தா திரும்பியபின் வழக்கமான வீடுகளுக்கு அவர் மீண்டும் போகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்று எங்கள் மகளுக்குப் பள்ளி விடுமுறை.